தூரிகைக்குத் திரும்பிய இசைஞர்

2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அறுபது வயதுடைய ஒருவர் கணையப் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய இறப்புச் சான்றிதழில் தொழில் என்னுமிடத்தில் ‘ஓய்வுபெற்ற இசைஞர்’ என்று எழுதப்பெற்றது. எழுதியவர்மேல் குற்றமில்லை. உலகம் அவரை இசைஞராகவே அறிந்திருந்தது. ஆனால் கணக்குப் பார்ப்போமாயின், அவர் இசையைத் தொழிலாகக் கொண்டிருந்த காலம் ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லை. அதற்கு முன்னும், அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவும், அவர் மனம் நாடியது தூரிகையையே. ‘ஓவியர்’ என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை. அவர் இயற்பெயர் ரோஜர் கீத் பாரெட். உலகம் வழங்கிய பெயர் சிட் பாரெட். ‘பிங்க் ஃபிளாய்ட்’ என்னும் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அவரே.

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் மேனாட்டுக் கிட்டார்க்காரர் ஒருவரைப் பற்றி எழுதுவதா என்று பெரியோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். அவர்கட்கு ஒரு விண்ணப்பம். வேற்றூரில் குடியேறி வாழும் நம் இல்லங்களில், கூடத்தில் தியாகராசர் கீர்த்தனையும் உள்ளறையில் மின்கிட்டாரும் ஒரே வேளையில் ஒலிப்பது அன்றாட நிகழ்ச்சி. என் இல்லமும் விலக்கன்று. ‘என்ன இரைச்சல் இது!’ என்று கடிந்துகொண்டே உள்ளே சென்ற நான், சுவரில் ஒட்டியிருந்த ஓர் இளைஞரின் படத்தைக் கண்டு ‘யார் இவர்?’ என்று கேட்டேன். ‘இவர் ஓவியர் அப்பா, பாட்டு நடுவிலே வந்தது’ என்றான் மகன். அந்த விடை என்னை ஆட்கொண்டது. அதன்பின் தேடிப் படித்தவற்றின் பயனே இக்கட்டுரை.

பாரெட் 1946ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் கேம்பிரிட்ஜில் பிறந்தார். மக்கள் ஐவருள் நான்காமவர். தந்தை ஆர்தர் மாக்ஸ் பாரெட், நோய்க்கூற்றியல் துறையில் பேர்பெற்ற மருத்துவர். நடுத்தரக் குடும்பம், பியானோ ஒலிக்கும் இல்லம், பிள்ளைகள் வரைந்தாலும் பாடினாலும் தடுப்பார் இல்லை. சிறுவனுக்கு வரைவதில் இருந்த திறன் மிக இளமையிலேயே வெளிப்பட்டது. கிட்டார் பின்னரே வந்தது. 1961 டிசம்பரில், மகனுக்குப் பதினாறு வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, தந்தை காலமானார். இந்த இழப்பு அவர் உள்ளத்தில் விளைத்த புண்ணைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். தந்தையை அவ்வயதில் இழந்தவர்கள் நம்மிடையேயும் உளர். அவர்கட்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

‘சிட்’ என்னும் பெயர் எங்கிருந்து வந்தது எனில், கேம்பிரிட்ஜில் ஜாஸ் இசை வாசித்த மூத்த கலைஞர் ஒருவருக்கு சிட் பாரெட் என்று பெயர்; தோழர்கள் அதை இவருக்கும் சூட்டிவிட்டனர். வீட்டார்க்கு அவர் என்றும் ரோஜரே. இரவல் வாங்கிய பெயரால் உலகப்புகழ் எய்தி, பின்பு அப்பெயரை இறக்கி வைத்துவிட்டுச் சொந்தப் பெயரோடு வாழ்ந்து முடித்தவர் இவர். இதனைப் படிப்பவர் நினைவில் கொள்வாராக.

1962இல் அவர் கேம்பிரிட்ஜ் தொழில்நுட்பக் கல்லூரியின் கலைப்பிரிவில் சேர்ந்தார். அங்கே அயல்மொழி பயில வந்திருந்த டேவிட் கில்மர் என்னும் இளைஞரோடு நட்பு முகிழ்த்தது. பகலுணவு வேளையில் இருவரும் கிட்டாரும் கையுமாக அமர்ந்துவிடுவர். 1964 இலையுதிர் காலத்தில் பாரெட் இலண்டன் சென்று கேம்பர்வெல் கலைப்பள்ளியில் ஓவிய மாணவரானார். அதுவே அவர் விரும்பிய வாழ்க்கை. இசைக்குழு என்பது மாலைநேரப் பொழுதுபோக்கு.

இவ்விடத்தில் சற்றே விலகி, அக்காலப் பிரிட்டனின் கலைப்பள்ளிகளைப் பற்றிக் கூறியாக வேண்டும். இல்லையேல், ஓவிய மாணவர் ஒருவர் ராக் இசைஞர் ஆனது ஏதோ தற்செயல் எனத் தோன்றும். தற்செயல் அன்று. ஜான் லெனன் லிவர்பூல் கலைக்கல்லூரி மாணவர். ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் சிட்கப் கலைப்பள்ளியில் பயின்றவர். எரிக் கிளாப்டன் கிங்ஸ்டனில்; ஜெஃப் பெக் விம்பிள்டனில்; ஜிம்மி பேஜ் சட்டனில்; ரே டேவிஸ் ஹார்ன்சியில்; பீட் டவுன்ஷெண்ட், ரானி வுட் ஆகிய இருவரும் ஈலிங்கில். அந்நாட்டின் மின்கிட்டார் வரலாற்றை எழுதப் புகுவோர் பாதிப் பக்கங்களைக் கலைப்பள்ளிகளுக்கு ஒதுக்க வேண்டியிருக்கும்.

காரணம் யாது? போருக்குப் பின் பிரிட்டனில் கல்வி உதவித்தொகை பரவலாக்கப்பட்டது. பல்கலைக்கழகம் புகுதற்குரிய மதிப்பெண் பெறாத, ஆனால் கைத்திறனும் துடுக்கும் உள்ள பிள்ளைகட்குக் கலைப்பள்ளி ஒரு புகலிடம் ஆயிற்று. இளைஞரைக் கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கும் முறையும் 1960ஆம் ஆண்டோடு ஆள் எடுப்பதை நிறுத்திற்று. ஆக, பதினெட்டு வயது இளைஞருக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஓய்வும், கையில் சிறிது காசும், ‘புதியது செய்’ என்று தூண்டும் ஆசிரியரும் ஒருங்கே கிட்டினர். ஓர் அரசாங்கம் ஓவியர்களை உருவாக்கச் செலவிட்ட பணம் பாடகர்களை உருவாக்கியது என்று எவரேனும் நகையாடினால் மறுப்பது கடினம். ஆயினும் அப்பணம் வீண்போயிற்று என்று யான் சொல்லேன்.

ஓவியக் கொள்கைகள் கிட்டாருக்குள் புகுந்த விதமும் சுவையானது. தாமே தம்மை அழித்துக்கொள்ளும் கலைப்படைப்பு என்னும் கொள்கையைப் பரப்பியவர் குஸ்டாவ் மெட்ஸ்கர் என்னும் கலைஞர். ஈலிங்கில் அவர் சொற்பொழிவைக் கேட்ட பீட் டவுன்ஷெண்ட், பின்னர் 1964 முதல் மேடையில் கிட்டாரை அடித்து நொறுக்கத் தொடங்கினார். முதன்முறை அது தாழ்ந்த கூரையில் இடித்து உடைந்த விபத்தே. ஆனால் விபத்தை வழக்கமாக்கத் துணிவு தந்தது ஓவியப் பள்ளியின் பாடம். மறுபுறம், ஸ்டூவர்ட் சட்கிளிஃப் என்னும் லிவர்பூல் ஓவிய மாணவரின் கதை நெஞ்சை உருக்குவது. ஜான் மூர்ஸ் பெயரால் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவர் படம் 65 பவுண்டுக்கு விலைபோயிற்று. தோழர் லெனனின் தூண்டுதலால் அப்பணத்தைக் கொண்டு அடிச்சுரக் கிட்டார் ஒன்று வாங்கி ‘பீட்டில்ஸ்’ குழுவில் சேர்ந்தார். ஆனால் மனம் ஒட்டவில்லை. 1961இல் இசையைத் துறந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கலைக்கல்லூரியில் மீண்டும் தூரிகை ஏந்தினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் மூளையில் குருதி கசிந்து மாண்டார், வயது இருபத்தொன்று. பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டு வருமுன்பே அவர் கதை முடிந்தது.

நிற்க. பாரெட்டின் கதைக்கு வருவோம். இலண்டனில் அவர் சேர்ந்த குழுவினர் ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகிய மூவர். மூவரும் கட்டடக்கலை பயில வந்தவர்கள். அவர்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளரும் ஓர் ஆசிரியர். ஒளியைச் சுழற்றித் திரையில் வீழ்த்தும் பொறிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஆக, இசைக்கல்லூரியின் வாடை அதிகம் படாத, கோடும் நிறமும் ஒளியும் அறிந்த கூட்டம் அது. 1965இல் குழுவுக்குப் பெயர் வைத்தவர் பாரெட். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்னும் இரு அமெரிக்கக் கருப்பின இசைஞர்களின் முதற்பெயர்களை இணைத்தார். இசைத்தட்டு உறையொன்றில் படித்த பெயர்கள் அவை. அவ்விருவரும் ‘புளூஸ்’ என்னும் துயரிசை மரபினர். தங்கள் பெயர் கோடிக்கணக்கான இசைத்தட்டுகளில் ஏறப்போவதை அவர்கள் எண்ணியும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பாரெட் கிட்டாரைக் கையாண்ட முறையே என் கட்டுரையின் நடுப்பகுதி. விரல் வேகத்தில் அவரை விஞ்சியோர் அந்நாளில் இலண்டனில் பலர் இருந்தனர். கிளாப்டன் போன்றோர் ஒவ்வொரு சுரத்தையும் செதுக்கி வைப்பவர்கள். பாரெட்டோ சுரங்களை நிறமாகக் கருதினார். ஓவியன் தடித்த தூரிகையால் ஒரே இழுப்பில் பரப்பி, பின்பு கத்தியால் சுரண்டி, அதன்மேல் வேறு நிறம் தெளிப்பானே, அத்தகைய வேலை அது. உலோக லைட்டர் ஒன்றைத் தந்திகளின்மேல் வழுக்கி ஓட்டுவார். ‘பின்சன்’ என்னும் இத்தாலிய எதிரொலிப் பொறியின் வழியே அவ்வொலியை அனுப்புவார். ஒலி மடங்கி மடங்கித் திரும்பி வந்து, முன் ஒலியின்மேல் படியும்; ஈர வண்ணத்தின்மேல் ஈர வண்ணம் படிவதைப் போல. அவருடைய ‘ஃபெண்டர்’ கிட்டாரின் உடலில் வட்டக் கண்ணாடிகளை ஒட்டியிருந்தார். மேடை விளக்கு அவற்றில் பட்டு அவை கூட்டத்தின்மேல் ஒளிப்பொட்டுகளைத் தெறிக்கும். கேட்பதற்கு மட்டுமன்று, காண்பதற்கும் உரியது கிட்டார் என்பது அவர் கருத்துப் போலும்.

இம்முறை அவருக்கு முற்றிலும் தாமாகத் தோன்றியதன்று. ‘ஏ.எம்.எம்.’ என்னும் குழுவில் வாசித்த கீத் ரோ என்பவரிடம் அவர் நிரம்பக் கற்றார். ரோவும் ஓவியம் பயின்றவரே. ஜாக்சன் பொல்லாக் என்னும் அமெரிக்க ஓவியர் திரைச்சீலையைச் சுவரில் சாய்க்காமல் தரையில் விரித்து, நின்றபடி வண்ணத்தை ஊற்றியவர். அதைக் கண்ட ரோ, ‘கிட்டாரையும் ஏன் மார்போடு அணைத்தே வாசிக்க வேண்டும்?’ என்று எண்ணி, அதனை மேசையில் மல்லாக்கக் கிடத்தி, உலோகத் துண்டு முதலிய கைக்குக் கிடைத்த பொருள்களால் ஒலியெழுப்பினார். பொல்லாக்கின் தரை, ரோவின் மேசை, பாரெட்டின் லைட்டர் என்று ஒரு வழி தெளிவாகத் தெரிகின்றது. ஓவியத்திலிருந்து இசைக்குப் பாலம் போட்டவர்கள் இவர்கள். வீணையை மடியில் கிடத்தி வாசிக்கும் நமக்கு, கிட்டாரைக் கிடத்தியது பெரும் புரட்சியாகத் தோன்றாது. ஐரோப்பியர்க்கு அது வியப்பாயிற்று.

1966 டிசம்பரில் இலண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் நிலவறை ஒன்றில் ‘யூ.எஃப்.ஓ.’ மன்றம் தொடங்கிற்று. பிங்க் ஃபிளாய்ட் அங்கே நிலையாக வாசித்தது. கண்ணாடித் தகடுகளுக்கிடையே வண்ண நீர்மங்களைச் சூடேற்றி ஒளிபாய்ச்ச, அவை குமிழ்ந்து நெளிந்து குழுவினரின் உடலெங்கும் படரும். பாடுபவர் முகம் தெரியாது. நிறம் மட்டுமே தெரியும். 1967ஆம் ஆண்டு ஈ.எம்.ஐ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. ‘சீ எமிலி பிளே’ என்னும் பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம் எய்தியது. ஆகஸ்ட் 5ஆம் நாள் முதல் நெடுந்தட்டு வெளிவந்தது. ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ என்பது அதன் பெயர். கென்னத் கிரஹாம் 1908இல் வெளியிட்ட சிறுவர் நூலொன்றின் ஏழாம் அத்தியாயத் தலைப்பு அது. ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தின் ஒரு கூடத்தில் இது உருவானபோது, மற்றொரு கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் ‘சார்ஜண்ட் பெப்பர்’ தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தனர். பதினோரு உருப்படிகளில் எட்டு, பாரெட் தனித்து இயற்றியவை. குள்ளன், சோளக்கொல்லைப் பொம்மை, மிதிவண்டி எனப் பாடுபொருள்கள் குழந்தையின் வண்ணப்பெட்டியிலிருந்து எடுத்தவை போன்றிருக்கும். முன்னட்டைப் படத்தை விக் சிங் என்பவர், பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் கொடுத்த பட்டைக் கண்ணாடி வில்லை வழியே எடுத்தார். பின்னட்டையில் குழுவினரின் நிழலுருவை வரைந்தவர் பாரெட்டே. பாடலும் அவருடையது, படமும் அவருடையது.

நம் நாட்டோடு அவர்க்கு ஒரு மெல்லிய தொடர்பும் உண்டு. கேம்பிரிட்ஜ் தோழர் சிலர் பஞ்சாபில் பியாஸ் என்னும் ஊரிலுள்ள இராதாசுவாமி சத்சங்கத்தின் வழியைப் பின்பற்றினர். பாரெட்டும் அங்குத் தீட்சை பெற விரும்பினார். சத்சங்கத் தலைவராயிருந்த சரண் சிங் அவர்கள், ‘இவர் இன்னும் இளையவர், மாணவர், படிப்பில் கருத்தூன்றட்டும்’ என்ற கருத்தில் மறுத்துவிட்டதாக வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்மறுப்பு அவரைப் புண்படுத்தியது என்பர் சிலர். அந்த அறிவுரையை அவர் கேட்டிருப்பின் என்னவாயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

கேட்கவில்லை. கேம்பர்வெல் படிப்பு முடியாமலே நின்றது. எல்.எஸ்.டி. என்னும் மயக்கப் பொருள் அவ்வட்டாரத்தில் தாராளமாகப் புழங்கியது. பாரெட் அதனை அளவின்றி உட்கொண்டார். 1967 கோடையிலிருந்தே அவர் நிலை மாறத் தொடங்கிற்று. நவம்பரில் அமெரிக்கா சென்றபோது, மேடையிலும் தொலைக்காட்சி நிலையத்திலும் அவர் அசையாது நின்றார் என்றும், ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டிருந்தார் என்றும் உடனிருந்தோர் கூறியுள்ளனர். பயணம் பாதியில் முறிந்தது. அவர்க்கு நேர்ந்த உளநோய் இன்னது என்று வெளியார் பெயரிடுவது முறையன்று. மயக்கப் பொருள் மட்டுமே காரணமா, உள்ளேயிருந்த வேறொன்றை அது தூண்டிற்றா என்பதும் தீர்ந்த வழக்கன்று. ஆனால் ஒன்று சொல்வேன். அப்பொருளைக் ‘கற்பனையின் திறவுகோல்’ என்று புகழ்ந்தெழுதும் இசை எழுத்தாளர் இன்றும் உளர். இம்மனிதரின் நல்ல பாடல்களுக்கு அது காரணம் என்று கொள்வோர், அவர் பதினைந்து வயதிலேயே நன்கு வரைந்தார் என்பதை மறந்துவிடுகின்றனர்.

டிசம்பரில் கில்மரைக் குழுவில் ஐந்தாமவராகச் சேர்த்தனர். பழைய கல்லூரித் தோழர், பாரெட் தடுமாறும்போது இட்டு நிரப்புவதற்கென வந்தார். 1968 சனவரியில் ஒருநாள், சௌதாம்ப்டன் நகர நிகழ்ச்சிக்குப் புறப்பட்ட வண்டி பாரெட்டை அழைத்துக்கொள்ளாமலே சென்றது. அழைக்க வேண்டாம் என்று வண்டியிலிருந்தோர் முடிவு செய்தனர். அவ்வளவே. சண்டை இல்லை, கடிதம் இல்லை. ஏப்ரலில் முறைப்படி அறிவிப்பு வந்தது. குழுவினரைக் கொடியவர் என்று கூறுவதற்கில்லை. பின்னர் அவர் தனியே வெளியிட்ட இரு தட்டுகளையும் செப்பம் செய்ய வாட்டர்ஸும் கில்மரும் ரைட்டுமே வந்து உழைத்தனர். அவர்க்குரிய உரிமைத்தொகை தவறாது சேரவேண்டும் என்பதில் கில்மர் கருத்தாயிருந்தார். ஆனாலும் அந்த வண்டி நிற்காமற் சென்ற நாள், அவர்கள் நெஞ்சிலும் வடுவாகவே தங்கிற்று.

அவ்விரு தட்டுகளும் 1970இல் வந்தன. ‘தி மாட்கேப் லாஃப்ஸ்’ சனவரியில், ‘பாரெட்’ நவம்பரில். இங்கேயும் ஓவியரைக் காணலாம். முதல் தட்டின் அட்டையில் அவர் தம் வீட்டுத் தரையில் குந்தியிருக்கின்றார். அத்தரைப் பலகைகள் ஒன்றுவிட்டு ஒன்று இரு நிறத்தில் பட்டைபட்டையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. தீட்டியவர் அவரே. வீட்டின் மறுபாதியில் குடியிருந்தவரும் டக்கி ஃபீல்ட்ஸ் என்னும் ஓவியர். இரண்டாம் தட்டின் அட்டையில் வண்டும் பூச்சியும் கோட்டுருவமாக உள்ளன; அதுவும் அவர் கைவண்ணமே. பாடல்களிலோ தாளம் இடையிடையே தளர்கின்றது; குரல் தடுமாறுகின்றது. பூச்சிகளை வரைந்த கோட்டில் தளர்ச்சி இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் என் மகன் சொன்ன விடையின் பொருள் எனக்கு விளங்கிற்று.

1972 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் சில நிகழ்ச்சிகள். 1974இல் பயனற்ற ஓர் ஒலிப்பதிவு முயற்சி. அத்துடன் இசை முடிந்தது. அவர்க்கு வயது இருபத்தெட்டு. இதற்கிடையே 1973இல் பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ வெளிவந்து, நாளடைவில் நான்கு கோடிக்கும் மேல் விற்பனையாகி, உலகின் பெரும் இசைத்தட்டுகளுள் ஒன்றாயிற்று.

1975 ஜூன் 5ஆம் நாள் ஆபி ரோடு நிலையத்தில், பாரெட்டை நினைந்தே எழுதிய நெடும்பாடலைக் குழுவினர் சீர்செய்துகொண்டிருந்தனர். அப்போது தலையையும் புருவத்தையும் மழித்த, பருத்த மனிதர் ஒருவர் கூடத்துள் நின்றார். யாரோ பணியாளர் என்று எண்ணினர். நெடுநேரங்கழித்தே அவர் யாரென அறிந்தனர். வாட்டர்ஸ் அழுதுவிட்டார் என்பர். நாடக ஆசிரியன் புனைந்திருந்தால் ‘மிகைப்படுத்தல்’ என்று நாம் ஒதுக்கிவிடக்கூடிய காட்சி, உண்மையில் நடந்தது. இதனை எழுதுவோர் அனைவரும் கதையை இவ்விடத்தோடு முடித்துவிடுகின்றனர். அதற்கப்பால் அவர் முப்பத்தோராண்டு உயிர் வாழ்ந்தார் என்பது அவர்கட்கு ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை.

1982இல் அவர் இலண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு, ஏறத்தாழ 50 மைல், கால்நடையாகவே நடந்து தாய்வீடு சேர்ந்தார். பிறகு இலண்டன் வாழ்வு இல்லை. தாய் 1991இல் மறைந்தபின் தனியே வாழ்ந்தார். தங்கை அருகிருந்து பார்த்துக்கொண்டார். மிதிவண்டியில் கடைக்குச் செல்வார். தோட்டம் போடுவார். தமக்கு வேண்டிய மரச்சாமான்களைத் தாமே செய்துகொள்வார். கலை வரலாறு பற்றித் தம் பயனுக்கென்றே குறிப்பெழுதி வந்தார். நாள்தோறும் வரைந்தார். பூக்கள், நிலக்காட்சிகள், உருவமற்ற நிறக்கோலங்கள். வரைந்து முடித்ததும் ஒளிப்படம் எடுத்துக்கொள்வார். பின்பு பெரும்பாலானவற்றை எரித்துவிடுவார். விற்கவில்லை, காட்சிக்கு வைக்கவில்லை.

இதனைப் படித்தபோது முதலில் எனக்கும் நெஞ்சு திடுக்கிட்டது. பின்பு, என் வீட்டு வாயிலில் நாள்தோறும் நடப்பது நினைவுக்கு வந்தது. விடியலில் இல்லத்தரசி இடும் கோலம் உச்சிவேளைக்குள் மிதிபட்டு மறைகின்றது. அதற்காக எவரும் கண்ணீர் உகுப்பதில்லை. எனினும் இவ்வொப்புமை முழுதும் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன். கோலம் வாயிலில் இடப்படுவது. வருவோர் போவோர் காண்பதற்கு உரியது. பாரெட்டின் ஓவியமோ சாத்திய கதவுக்குப்பின் பிறந்து அங்கேயே சாம்பலாயிற்று. அதில் துறவும் இருக்கலாம், அச்சமும் இருக்கலாம். நோயின் கூறும் இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்தறிய நமக்கு நிறைகோல் இல்லை.

எஞ்சிய ஓவியங்களைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். இலண்டனில் 2011இல் அவருடைய ஓவியங்களும் கடிதங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன; அவற்றின் படிகள் நூலாகவும் வந்துள்ளன. மாணவப் பருவத்துப் படங்களில் நிறத்துணிவு தெரிகின்றது. பிற்காலப் படங்களில் சில அழகானவை, பல எளியவை. அவருடைய பாடல்களைப் போல உலகின் காதைத் திருப்பும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை என்பதே என் கருத்து. விட்டுவிட்ட கலையில் மேதை. விடாது பற்றிய கலையில் நல்ல பயிற்சியாளர். இது அன்பர்கட்குக் கசக்கலாம். ஆனால் அவரை அது வருத்தியதாகத் தெரியவில்லை. எதில் புகழ் வரும் என்று கேட்டு அவர் வரைந்தாரில்லை. மகேந்திரவர்மப் பல்லவன் ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டம் பூண்டான்; இவரோ இருந்த பட்டத்தையும் கழற்றி வைத்தார்.

அவரைப் போன்றே கலைப்பள்ளியில் பயின்ற ரானி வுட்டை ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். 1975இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு இணைந்த வுட், தம்மோடு வாசிப்போரையே ஓவியமாக வரைந்து, பல நாடுகளில் காட்சி நடத்தி, அச்சுப்படிகளும் விற்றவர். இரு கலையும் ஒன்றையொன்று தாங்கும் நல்வாழ்வு அது. அதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் அங்கே ஓவியம் கிட்டாரின் நிழலில் வளர்ந்தது. பாரெட்டிடம் கிட்டாரே ஓவியத்தின் நிழல்.

கேம்பிரிட்ஜ் வீட்டின் கதவை அன்பர்களும் செய்தியாளர்களும் விடாது தட்டினர். சிலர் புதர்மறைவில் நின்று படமெடுத்தனர். ‘சிட்’ என்றழைத்தால் அவர் திரும்புவதில்லை. நோயுற்ற ஒருவரின் வாயிலில் கூட்டம் கூடுவதற்கு அன்பு என்று பெயரிடுவது எங்ஙனம் பொருந்தும்? 2001இல் பி.பி.சி. தொலைக்காட்சி அவரைப் பற்றி ஒரு படம் ஒளிபரப்பியது. தங்கை வீட்டில் அமர்ந்து அதனைப் பார்த்தவர், சற்று இரைச்சலாயிருக்கிறது என்ற கருத்தைத் தெரிவித்தாராம். என் வீட்டு உள்ளறை வாயிலில் நான் சொன்னதும் அதுவேயன்றோ!

அவர் மறைந்த ஆண்டின் நவம்பரில், வீட்டிலிருந்த பொருள்கள் கேம்பிரிட்ஜில் ஏலத்திற்கு வந்தன. மிதிவண்டிகள், தாமே செய்த சாமான்கள், குறிப்பேடுகள், நெருப்புக்குத் தப்பிய சில ஓவியங்கள். கிட்டார் வாங்கும் ஆசையோடு வந்தவர்கள் ஓவியங்களுக்கு விலை கேட்டனர். சேர்ந்த தொகை ஓர் இலட்சம் பவுண்டுக்கு மேல். குடும்பத்தார் அதனை அவ்வூரில் ஓவியம் பயிலும் மாணாக்கர்க்கு உதவித்தொகையாக வைத்தனர்.